டீ கொட்டிய கீபோர்டும் ஒட்டிக்கொண்ட புள்ளியும்

சனிக்கிழமை இரவு 11 மணி இருக்கும். முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால் டீ, அரை டம்ளராவது இருக்கும், லேப்டாப் கீபோர்டின் இடது பாதியில் கொட்டிவிட்டது.

மெஷின் திங்க்பேட் டி430. 2012 மாடல், பழையதாக வாங்கியது. சார்ஜரைப் பிடுங்கினேன், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன், பின்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளி பேட்டரியைக் கழற்றினேன். உடனே கவிழ்க்கத்தான் கை போனது. ஆனால் இந்த மெஷினில் கீபோர்டில் கொட்டியது அடிப்பக்கத் துளை வழியாக வடிந்துவிடும், கவிழ்க்கக் கூடாது என்று திங்க்பேட் கையேட்டில் படித்த நினைவு. நேராகவே இரண்டு பென்சில்மேல் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடித்துளையிலிருந்து டீ சொட்டுச் சொட்டாகத் துண்டில் இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் கிடந்தது. செவ்வாய் காலை போட்டால் ஆன் ஆனது, திரையில் குறையில்லை. தட்டச்சில்தான் கோளாறு.

நான் தமிழ்99 விசைப்பலகைக்காரன். க, உ, மெய்யெழுத்துப் புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் தனி விசை இருக்கும் தமிழ்த் தட்டச்சு முறை அது. 'அவருக்கு' என்று அடித்தால் 'ரு'வுக்கு அப்புறம் ஒரு புள்ளி தனியாக, எழுத்தில்லாத இடத்தைக் காட்டும் புள்ளிவட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டு வந்தது. உ அழுத்தினால் உகரத்தோடு பக்கத்து விசையான புள்ளியும் சேர்ந்து விழுகிறது. ஊ அழுத்தினால் கூடவே ஐ, ஒ அழுத்தினால் கூடவே வ. அது, இது, வந்து, போய்விட்டு என்று தமிழில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உகரம். ஒரு வரி அடிக்க முடியவில்லை.

ஆனால் இந்தக் கோளாறே ஒரு துப்பு. ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. பிளாஸ்டிக் தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும் தொட்டுக்கொள்ளும். ஊ, உ, ஒ மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே வரிசை. ஐ, புள்ளி, வ அடுத்த வரிசை. மூன்று ஜோடியும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் விசைகள் போகவில்லை, இரண்டு நெடுக்குக்கோடுகளுக்கு நடுவே எங்கேயோ டீ பாலம் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில், மின்னணுப் பாகங்களைத் துடைக்கப் பயன்படும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி வந்தேன். அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, கீபோர்டைத் திரைப்பக்கம் தள்ளி, முன் ஓரத்தைத் தூக்கினால் வந்துவிடும். கீழே இருக்கும் ரிப்பன் கேபிளை இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஆல்கஹால் ஊற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டினேன். அன்று மாலை முழுக்க அருமையாக வேலை செய்தது. மறுநாள் காலை, சென்னைப் புழுக்கத்தில், புள்ளி திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏன் என்று யோசித்து, அடுக்களையில் ஒரு சோதனை செய்தேன். இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஆல்கஹால், இரண்டிலும் அரை ஸ்பூன் சர்க்கரை. தண்ணீரில் கலக்கக் கலக்கக் கரைந்தது. ஆல்கஹாலில் 5 நிமிடம் கலக்கியும் சர்க்கரை போட்டபடியே, மணி மணியாக அடியில் கிடந்தது. விஷயம் விளங்கிவிட்டது. ஆல்கஹால் ஈரத்தை எடுத்ததே தவிர சர்க்கரையை எடுக்கவில்லை. உள்ளே இருந்த சர்க்கரைப்பசை காற்றின் ஈரத்தை இழுத்து, பாலின் உப்புகளோடு சேர்ந்து மறுபடி மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது. சுத்தம் செய்ய ஆல்கஹால்தான் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கொட்டியது சர்க்கரை போட்ட பானம் என்றால் முதலில் தண்ணீர்தான் வேண்டும்.

குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ந்தால் அதன் உப்பு தங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருந்தது. வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் எடுத்தேன். கீபோர்டு நடுவில் இருக்கும் சிவப்பு டிராக்பாயின்ட் (மவுஸ் அம்பை நகர்த்தும் குமிழ்) நனையாதபடி இடதுபக்கம் சாய்த்துப் பிடித்து, ரிப்பன் முனையை டேப் சுற்றி உயரத்தில் வைத்து, அந்த ஆறு விசைகளின் ஓரத்திலும் சொட்டு சொட்டாக விட்டேன். விட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு விசையையும் 30 முறையாவது அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். உள்ளே பம்பு அடித்த மாதிரி தண்ணீர் தாள்களுக்கு இடையே போய் வரும். முதல் தடவை வடிந்த தண்ணீர் வெளிறிய டீ நிறம். நாலாவது தடவைதான் தெளிவாக வந்தது. அப்புறம் கடைசியாக ஆல்கஹால், இப்போது தண்ணீரை விரட்டுவதற்காக.

ஹேர் டிரையர் வைக்கவில்லை, வெயிலிலும் போடவில்லை. தாள் நெளிந்தால் சரி செய்ய வழியில்லை. சுவரோரம் நிற்கவைத்து 4 நாள் விசிறிக் காற்று, அவ்வளவுதான்.

மாட்டியதும் முதலில் அடித்தது 'அவருக்கு'. சுத்தமாக வந்தது. ஐந்து விசைகள் பிரமாதம். ஒ மட்டும் அழுத்தினால் மெதுவாக எழுந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் வெள்ளைச் சட்டத்தின் அச்சில் பழுப்பாக ஒரு பசை. ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்ததும் சரியாகிவிட்டது.

மூன்று வாரம் ஆகிறது. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை, காற்றெல்லாம் ஈரம், புள்ளி ஒட்டவில்லை. ஸ்பேஸ்பாரின் இடது முனையில் மட்டும் இன்னும் லேசாகக் கிறீச் என்கிறது, அடியில் இருக்கும் கம்பியில் டீ இருக்கும் போல. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றப் போகிறேன்.