கவுன்சில் ஓமெண்டாலும் கட்டேலாத வீடு

லண்டன் ஹாரோவில் அண்ணாவின் வீட்டோடு பக்கவாட்டில் கொஞ்சம் வெறும் காணி கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, மாடிப்படி ஏற முடியாது. அங்கே அவவுக்கு ஒரு சின்ன வீடு கட்டுவதென்று போன வருஷம் முடிவெடுத்தோம். கவுன்சிலிடமிருந்து பிளானிங் பெர்மிஷன், அதாவது கட்ட அனுமதி, கிடைத்த அன்று அண்ணி கேசரி கிண்டினா.

இரண்டு கிழமை கழித்து காணி அலுவல் பார்க்கும் எங்கள் வழக்கறிஞர், சொலிசிட்டர் பிள்ளை, ஃபோன் எடுத்தா. "அண்ணா, அத்திவாரம் கித்திவாரம் ஒண்டும் வெட்டிப்போடாதேங்கோ."

காணிப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவில் 1934ஆம் ஆண்டுக் காணி உறுதிப் பத்திரம் ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தது. அதன் பிரதியை எடுத்துப் பார்த்தோம். எங்கள் காணியைச் சுற்றிய சிவப்பு மைக்கோடு மங்கிப் பழுப்பாகியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: இந்த நிலத்தில் ஒரு குடியிருப்பு வீட்டுக்கு மேல் கட்டக்கூடாது. இதைத்தான் இங்கே ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் என்கிறார்கள்.

"அந்தக் காணியை வித்த கம்பனியே இப்ப இல்லை. ஆர் கேக்கப்போகினம்?" என்றார் அண்ணா. கேட்கலாம், பக்கத்துக் காணிக்காரர் கேட்கலாம். இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. லண்டன் லெஸ்டர் ஸ்குவேர் தோட்டத்தை வெறும் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டல்க் என்பவர் 1808இல் விற்றார். பிறகு பல கை மாறி, நிபந்தனை தெரிந்தே அதை வாங்கிய மோக்சே கட்டடம் கட்டப் பார்த்தார். 1848இல் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. அன்று முதல் இந்த மாதிரித் தடை ஆளோடு போகாமல் காணியோடு போகிறது. கவுன்சில் அனுமதி வேறு, இது வேறு.

பிறகு ஆராவது வழக்குப் போட்டால் நட்டத்தைத் தாங்க இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்டோம். தடையால் பயன் பெறும் அயலவரோடு இதைப் பற்றிக் கதைத்திருக்கக்கூடாது என்பது இன்சூரன்ஸ்காரரின் நிபந்தனை. அண்ணாவோ முதல் நாளே வேலிக்கு மேலால் வீட்டுப் படத்தை (பிளானை) நீட்டிக் காட்டிவிட்டார். அந்த வழியும் அடைபட்டது.

மிச்சம் 1925ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. இதைத் தீர்மானிக்கும் மன்றமான அப்பர் ட்ரிபியூனலுக்கு விண்ணப்பித்தால் கவனன்டை மாற்றவோ நீக்கவோ அதற்கு அதிகாரம் உண்டு. சுற்றாடல் மாறி அந்தத் தடை காலாவதியாகிவிட்டது என்று காட்டலாம். பயன் பெறுவோர் சம்மதித்துவிட்டார்கள் என்றோ, அவர்களுக்குப் பாதிப்பே இல்லை என்றோ காட்டலாம். நியாயமான பாவனையைத் தடை மறிக்கிறது, அதனால் மற்றவருக்குப் பெரிய பயன் எதுவுமில்லை, இருக்கும் நட்டத்தைக் காசால் ஈடுசெய்யலாம் என்பதும் ஒரு வழி.

"கட்டிப்போட்டுக் கேளுங்கோ, இடிக்கவா போறாங்கள்?" என்றார் அண்ணாவின் சிநேகிதர் ஒருவர். மேய்டன்ஹெட் என்ற ஊரில் ஒரு கம்பனி அப்படித்தான் செய்தது. கார் நிறுத்த மட்டுமே பாவிக்க வேண்டிய நிலத்தில், தெரிந்துகொண்டே 13 வீடுகளைக் கட்டியது. பக்கத்தில் கடும் நோயுள்ள பிள்ளைகளுக்கான ஹொஸ்பிஸ் காணி. கட்டின பிறகு கவனன்டை மாற்றித்தா என்று போனார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீடுகள் வசதி குறைந்தவர்களுக்கானவை, உண்மை. ஆனாலும் தீர்ப்புத்தான் சரி என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஐயாவிடம் போய் அவர் குசினிக்குள் நின்று பார்த்தோம். காலை வெயில் ஜன்னலால் வந்து, கழுவி வைத்த கோப்பைகளில் விழுந்தது. எங்கள் படத்தின்படி சுவர் எழும்பினால் அந்த வெயில் இல்லை. அண்ணா ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமையே படத்தை மாற்றச் சொன்னார்: மாடி இல்லை, சுவர் இரண்டு மீட்டர் தள்ளி. ஐயா கையெழுத்து வைக்கச் சம்மதித்துவிட்டார்.

ஆனால் அவர் ஒருவர் போதாது. அந்த வரிசை வீடுகள் எல்லாமே ஒரே திட்டத்தில் விற்கப்பட்டவை. மற்றவர்களுக்கும் உரிமை இருக்கலாம் என்கிறா சொலிசிட்டர். ட்ரிபியூனலுக்குப் போனால் அவர்களுக்கும் அறிவித்தல் போகும். கடிதம் போக முதல் நாங்களே போய்ச் சொல்லவேண்டும் என்று அம்மா பிடிவாதமாய் நிற்கிறா. சனிக்கிழமை அண்ணாவும் நானும் புதுப் படத்தோடு ஒவ்வொரு கதவாகத் தட்டப் போகிறோம்.