தொய்வுக்கார மகனுக்கு மெத்தை உறை தேடின பாடு

மகனுக்குத் தொய்வு, அதான் ஆஸ்துமா, எண்டதும் டொக்டர் மருந்து இழுக்கிற பம்ப் எழுதித் தந்துட்டு, மெத்தை தலகணிய முழுசா மூடுற சிப் வெச்ச உறையும் போடச் சொன்னாரு. தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, நம்மட உடம்பில உதிர்ற தோலைத் திண்டு மெத்தைக்குள்ளயே பெருகுமாம், அதுட கழிவுதான் இழுப்பக் கிளப்புது.

மட்டக்களப்பு டவுனில கடைப் பொடியன் "இரிக்கி அக்கா, வோட்டர் ப்ரூஃப்" எண்டு ஒண்டத் தந்தான். வீட்ட வந்து விரிச்சா மேல்பக்கம் மட்டும் மூடுற இலாஸ்டிக் சீட்! திருப்பிக் கொண்டு போனா பக்கட் உடைச்சா எடுக்கமாட்டமாம், உடைக்காம எப்படிடா பாக்கிற? அதுக்குள்ள காத்துச் சுத்தமாக்கிற அயன் (ion) மிசினும் விக்கப் பாக்கிறான். சில அயன் மிசின் ஓசோன விடும், அது தொய்வுக்காரருக்கு இன்னும் மோசம், கவனம்.

மறுகா காத்தான்குடியில ஒரு டெய்லரிட்ட நெருக்கமா நெய்த துணி குடுத்துத் தைச்சம். மெத்தைட உயரத்தையும் அளந்து போங்க, ஆறு பக்கமும் மூடணும், சிப் முடியிற மூலைக்கு டேப் ஒட்டுங்க. ரெக்சின் வேணாம், நம்மட வெக்கைக்குப் புள்ள அவிஞ்சிரும். பழைய இலவம்பஞ்சுத் தலகணிய எறிஞ்சாச்சு.

பெட்சீட்ட கிழமைக்கொருக்கா சுடுதண்ணில போடணும், கொதிக்கத் தேவல்ல, 60 பாகை காணும். கரடிப்பொம்மைய பையில கட்டி ஃப்ரீசருக்குள்ள ஒரு நாள் வெச்சு மறுகா கழுவணும். மாமி மீன் எடுக்கப் போய்க் கரடியக் கண்டுட்டுப் போட்ட சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்டிரிக்கும்.

மாமியோட பெரிய சண்டை சாம்பிராணிக்குத்தான். "சாம்பிராணி மருந்து புள்ள, அது என்ன செய்யும்" எண்டு நிண்டாங்க. புகை எதுவா இருந்தாலும் மூச்சுக்குழாயச் சுருக்கும் எண்டு டொக்டர் வாயால சொன்ன பிறகுதான் சட்டி முத்தத்துக்குப் போச்சு. நுளம்புச்சுருளும் நிப்பாட்டினம், டெங்கு ஊரில வல கட்டாமப் படுக்கேலா, அந்த வலயையும் பெட்சீட்டோட சேத்துத் தோய்க்கிறம்.

உறை போட்டாச்சே எண்டு ஒவ்வொரு நாளும் அடிக்கிற பிரவுன் பம்ப மட்டும் விட்டிராதீங்க, நீலப் பம்ப் மூச்சு முட்டு வந்த நேரத்துக்குத்தான்.

மாரி வரப்போகுது, அறைச் சுவரில பூஞ்சணம் தொடங்கிட்டு. வீட்டுச் சொந்தக்காரர் ஒழுக்க அடைக்காம பெயின்ட் அடிச்சுத் தாறன் எண்டு நிக்கிறாரு. முதல்ல கூரைய ஏறிப் பாருங்க அண்ணே, பெயின்ட்டுக்கு மேலாலயும் அது வரும் எண்டு சொல்லிட்டன், இன்னும் ஆள் வரல்ல.