பாய் வள்ளத்துல ஃபிரிட்ஜ் வச்சா அந்தச் சூடு எங்க போகும்?

போன வருஷம் கத்திரி வெயில்ல அதிராம்பட்டினத்துலேர்ந்து பெரிய மாமா போன் பண்ணாங்க. "மாப்ள, ஃபிரிட்ஜு நிக்காமயே ஓடுதுடா, ஆனா உள்ள கைய விட்டா ஜில்லுன்னே இல்ல, மருந்து கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு"ன்னாங்க. மாமா கப்பல்ல போசனா (டெக்ல வேலை செய்ற ஆளுங்களுக்கு தலைவர்) இருந்து ரிட்டையர் ஆனவங்க, ஊருக்கு வந்தும் கடல விட மனசு வராம 24 அடில ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கி, சின்னதா கேபின் போட்டு பாய் கட்டி வச்சிருக்காங்க, முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுப் பக்கம் போனா ரெண்டு மூணு நாள் வள்ளத்துலயே தங்கிடுவாங்க. சுகருக்கு இன்சுலின் போடுறவங்க. பிரிக்காத இன்சுலின் 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். அதனால இது எனக்கு மத்த சர்வீஸ் கால் மாதிரி இல்ல, அன்னிக்கே பட்டுக்கோட்டைலேர்ந்து டூல்ஸ எடுத்துக்கிட்டு கெளம்பிட்டேன்.

எனக்கு முன்னாடி ஒரு மெக்கானிக் வந்து கேஸ் கம்மியா இருக்குன்னு சொல்லி கேஸ் அடிச்சுட்டு போயிருக்காரு. அதுக்கப்புறம் இன்னும் மோசமாயிடுச்சாம். இந்த மாதிரி சின்ன ஃபிரிட்ஜுல கேஸே சில பத்து கிராம்தான் புடிக்கும், கொஞ்சம் கூடிட்டாலும் பிரஷர் ஏறிடும். கூலிங் இல்லன்னா ஒடனே கேஸ்தான்னு முடிவு பண்றது எங்க தொழில்ல ரொம்ப நாளா இருக்குற தப்பு, எனக்கு அதப் பார்த்தா கோவமா வரும்.

மாமா வச்சிருக்கிறது டான்ஃபாஸ் பிடி35, 12 வோல்ட் கம்ப்ரசர் (2010க்கு அப்புறம் செகாப்னு பேரு மாறிடுச்சு). நல்ல ஐட்டம். அத பின்பக்க சீட்டுக்கு அடில, நாலு பக்கமும் அடைச்ச பொட்டிக்குள்ள வச்சு, காத்துக்குன்னு ரூபா காசு அளவுல நாலு ஓட்ட மட்டும் போட்டிருந்தாங்க. சீட்டு மூடிய தூக்குனதும் மூஞ்சில அடிச்ச அனல், நெல்லு அவிக்கிற கொப்பரைய தெறந்த மாதிரி இருந்துச்சு. தெர்மாமீட்டர் வச்சு பார்த்தா 54 டிகிரி. கம்ப்ரசர ஓட்டுற எலக்ட்ரானிக் யூனிட்ல எல்இடி மாட்டி பார்த்தேன், அஞ்சு தடவ மினுக்குச்சு, அப்படின்னா யூனிட் சூடாகி தன்னத்தானே கட் பண்ணிக்குதுன்னு அர்த்தம்.

இங்க ஒன்னு புரிஞ்சுக்கணும். ஃபிரிட்ஜு குளிர உண்டாக்குறது இல்ல, உள்ள இருக்குற சூட்ட எடுத்து வெளில கொட்டுது, அவ்ளோதான். உள்ளேர்ந்து 60 வாட் சூட்ட எடுக்க கம்ப்ரசருக்கு 50 வாட் கரண்ட் போச்சுன்னா கண்டென்சர் (சூட்ட வெளில விடுற, ரெக்கை வச்ச குழாய்) வழியா வெளில வர்றது 110 வாட். அதாவது பழைய 100 வாட் குண்டு பல்ப ஒரு பொட்டிக்குள்ள எரிய விட்டு மூடி வச்சதுக்கு மேல. இந்த ஃபிரிட்ஜுல இருக்குற 134ஏ கேஸ் கண்டென்சர்ல 40 டிகிரில திரவமாகுதுன்னா பிரஷர் சுமார் 10 பார், அதே 55 டிகிரில ஆகணும்னா சுமார் 15 பார். அவ்ளோ பிரஷருக்கு தள்ள கம்ப்ரசர் கூட கரண்ட் இழுக்கும், அந்தக் கரண்டும் சூடாதான் வெளில வரும், அந்தச் சூடும் அதே பொட்டிக்குள்ளதான் சுத்தும், இப்படியே ஏறிக்கிட்டே போகும்.

மொதல்ல கேஸ சரியான அளவுக்கு கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன வாங்கி யூனிட்ல இருக்குற எஃப் டெர்மினல்ல மாட்டினேன், கம்ப்ரசர் ஓடும்போது மட்டும் ஃபேன் ஓடும். சீட்டுல பெரிய ஓட்டையும் போட்டேன். 54 வந்து 50 ஆச்சு, அதுக்கு மேல எறங்கல. எனக்கு மனசே சரியில்ல. மாமா கேபின்ல சாமி படத்துக்கு ஏத்தியிருந்த ஊதுவத்திய எடுத்துட்டு வந்து ஃபேன்கிட்ட புடிச்சேன், அப்பதான் வெளங்குச்சு. பொக வெளில போகாம கண்டென்சர சுத்திக்கிட்டு திரும்ப ஃபேனுக்கே வருது. சூட்டுக் காத்தையே தான் இழுத்து தான் மேலயே ஊதிக்குது.

நம்ம பக்கத்து பழைய ஓட்டு வீட்டுல திண்ணை வாசல் வழியா வர்ற காத்து கூடத்த தாண்டி முற்றத்துல மேல ஏறி போயிடும்ல, அது மாதிரி வர்ற வழியும் போற வழியும் வேற வேறயா இருக்கணும். அலுமினிய தகடு வெட்டி கண்டென்சர சுத்தி கூடு கட்டி, ஓரத்துல எல்லாம் ஃபோம் டேப் ஒட்டினேன், கேபின் தரை மட்டத்துல நெழல்ல இருக்குற எடத்துலேர்ந்து காத்து உள்ள வரணும், கண்டென்சர் வழியா மட்டும்தான் போகணும், மறுபக்கம் சீட்டு மேல்விளிம்புல கீழப் பார்த்த மாதிரி வளைவு வச்ச குழாய் வழியா வெளில போகணும், அலை தெறிச்சாலும் தண்ணி எறங்காது. கம்ப்ரசருக்கும் ஃபிரிட்ஜு பொட்டிக்கும் நடுவுல சூட்ட தடுக்குற ரெண்டு இஞ்ச் பஃப் ஷீட் வச்சேன், இல்லன்னா இந்தப் பக்கம் எடுத்த சூடு அந்தப் பக்கம் திரும்ப போயிடும்.

மறுநாள் மத்தியானம் கச்சான் காத்து அனலா வீசிக்கிட்டு இருக்கும்போது பார்த்தோம். கம்ப்ரசர் இருக்குற பொட்டிக்குள்ள 42 டிகிரி. கிளாம்ப் மீட்டர்ல ஆறு ஆம்பு காட்டினது நாலே கால் ஆச்சு, அதோட கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடுது. பேட்டரிக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

"கப்பல்ல எல்லாம் கடல்தண்ணி வச்சுதானே கூலிங் பண்ணுவோம், இதுலயும் பண்ணேன்"னு மாமா கேட்டாங்க. தண்ணி காத்த விட நல்லாவே சூட்ட இழுக்கும், அது உண்மைதான். ஆனா இந்தப் பக்கம் கடல் ஆழம் இல்லாத சேத்துக் கடல், அடில பிளேட் வச்சா சகதியும் கொட்டலசும் (வள்ளத்து அடில ஒட்டிக்கிற ஓட்டு உயிரி) மூடிக்கும், வள்ளம் தரை தட்டுற எடத்துல அது ஒடஞ்சும் போயிடும். அதனால காத்தே போதும்னுட்டேன்.

உப்புக் காத்து மட்டும்தான் இப்ப என் கவலை. கண்டென்சர் ரெக்கையில உப்பு படிஞ்சு அரிச்சிடும், அதனால மாசம் ஒருதரம் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, கனெக்ஷன் மேல படாம நல்ல தண்ணி ஸ்ப்ரே பண்ணி காய விடச் சொல்லியிருக்கேன். ஃபிரிட்ஜு மூடியோட ரப்பர் லேசா பிளந்திருக்கு, அளவு எடுத்துட்டு வந்திருக்கேன், இந்த வாரம் தஞ்சாவூர் போகும்போது வாங்கணும்.