ஒரே தோட்டத்தில் இரண்டு சிற்றாலயங்கள்

பிரிஸ்டல் நகரின் அர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம் 1839-இல் திறக்கப்பட்டபோது, ஆயர் புனிதப்படுத்திய நிலம் இங்கிலாந்துத் திருச்சபையினருக்கும், புனிதப்படுத்தாத நிலம் அதிலிருந்து விலகி நின்ற கிறிஸ்தவர்களுக்கும் எனப் பிரிக்கப்பட்டதால், இறுதிச் சடங்குக்கான சிற்றாலயங்களும் இரண்டாக எழுப்பப்பட்டன. இரண்டையும் வடிவமைத்தவர் சார்லஸ் அண்டர்வுட். திருச்சபையினரின் ஆலயம் இத்தாலிய பாணியில் மணிக்கோபுரத்துடன் உயர்ந்து நிற்கிறது. மற்றதற்குக் கோபுரமில்லை, கிரேக்கக் கோயிலைப் போல முக்கோண முகப்பும், அதைத் தாங்கும் அயோனிக் தூண்களும் மட்டுமே. அத்தூண்களின் தலைப்பில் ஆட்டுக்கொம்பைப் போல உள்நோக்கிச் சுருளும் கல்வேலைப்பாட்டைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டில் அடக்கமான இதுவே என் மனத்துக்கு நெருக்கமானது.

இதே தோட்டத்தில்தான் 1833-இல் பிரிஸ்டலில் காலமான ராஜா ராம்மோகன் ராய் துயில்கிறார். வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த அவரது உடல் 1843-இல் இங்கே கொண்டுவரப்பட்டது. அவர்மேல் எழுந்த நினைவு மண்டபமோ, அவ்விரு ஆலயங்களின் பாணியையும் பின்பற்றாமல், தூண்கள் தாங்கும் குவிமாடக் கூரையுடைய இந்தியச் சத்திரியாகவே அமைந்திருக்கிறது.