லெமேத்ர் அடித்த பத்தி: தவக்கால நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்றைய மறையுரையில் சாமி சொன்னார்: "விஞ்ஞானிகள் இப்போது பெருவெடிப்பு என்கிறார்களே, அதை பைபிளின் முதல் நூலான தொடக்கநூல் அன்றே சொல்லிவிட்டது." கோவிலில் பலருக்கு முகம் மலர்ந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்டம் மிகச் சிறிய ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்ற அந்தக் கருத்தை முதலில் முன்வைத்தவரே பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் குரு, ஜார்ஜ் லெமேத்ர். இந்த மாதிரிப் பேச்சை அவர் விரும்பியதே இல்லை. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு அறிவியல் சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் உரையாற்றியபோது லெமேத்ர் கலங்கிப்போனார். அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் கூடியபோது திருத்தந்தை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

லெமேத்ர் 1923-இல் குருப்பட்டம் பெற்றார். 1927-இல் அண்டம் விரிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்றார் ஐன்ஸ்டைன்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1931-இல் அவர் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சின்னக் குறிப்பு. உலகம் ஒரே ஒரு குவாண்டத்திலிருந்து (ஆற்றலின் பிரிக்க முடியாத ஒற்றைப் பொட்டலத்திலிருந்து) தொடங்கியிருக்கலாம் என்பது அதன் சாரம். தட்டச்சுப் பிரதியில் கடைசியாக இன்னொரு பத்தியும் இருந்தது. கடவுளை நம்புகிறவர், கடவுள் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார். படைப்பின் மேல் இன்றைய இயற்பியல் ஒரு திரை போட்டிருப்பதைக் கண்டு அப்படி நம்புகிறவர் மகிழலாம் என்று அதில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பத்தியை லெமேத்ரே கோடு போட்டு அடித்துவிட்டார்.

அந்தக் கோட்டில் அவருடைய விசுவாசம் முழுவதையும் பார்க்கிறேன். தன் கடவுளைச் சமன்பாட்டின் விடையாக ஆக்க அவருக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் இறைவாக்கினர் ஏசாயாவின் 'மறைந்திருக்கும் கடவுள்' என்ற சொல்லை, படைப்பின் தொடக்கத்திலும் மறைந்திருப்பவர் என்று விரித்துச் சொன்னார்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

தவக்காலம் தொடங்கும் நாள். அப்பா போன பிறகு வரும் முதல் திருநீற்றுப் புதன். போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல். நெற்றியில் பூசியபோது கொஞ்சம் மூக்கின் மேல் உதிர்ந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன்: கருகிய ஓலையின் பொடிப்பொடியான கரி.

அந்தக் கரியில் உள்ள கார்பன் விண்மீன்களின் வயிற்றில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து உண்டானது. இது நடக்க வேண்டுமானால் கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆகவேண்டும் என்று 1953-இல் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் சொன்னார். சோதனைக்கூடத்தில் தேடினார்கள், இருந்தது. ஹாயில் நாத்திகர். 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்ற பெயரை 1949-இல் பிபிசி வானொலியில் சொன்னவரும் அவர்தான், அதுவும் தான் ஏற்காத கொள்கைக்கு.

அப்பாவின் உடலில் இருந்த கார்பன் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஹாயில் சொல்லிவிட்டார். அப்பா எனக்கு ஏன் இவ்வளவு வேண்டியவர், அந்த அன்பு வீணாகப் போய்விடுமா என்று கேட்டால் அணுக்கரு இயற்பியலில் விடை இல்லை. அதை இயற்பியலின் குறையாக நான் நினைக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் சாம்பலுக்குத் தலை குனிந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "சார், பெருவெடிப்பு தப்புன்னு நாளைக்கு நிரூபிச்சிட்டா கோவிலுக்குப் போவீங்களா?"

போவேன் என்றேன். உலகுக்குத் தொடக்கம் உண்டென்று பகுத்தறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொல்லியிருக்கிறார். தொடக்கமே இல்லாத உலகம்கூட, அது இருப்பதற்குக் கடவுளைச் சார்ந்துதான் நிற்கும் என்பது அவர் வாதம்.

"அப்போ பெருவெடிப்பு உங்க ஜெபத்துக்கு ஒண்ணுமே செய்யலையா சார்?"

நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். செய்திருக்கிறது தம்பி. அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்ற கணக்கைப் பாடமாக நடத்த ஆரம்பித்ததிலிருந்து, 'விண்ணகத்தையும் மண்ணகத்தையும் படைத்த' என்ற வரியை என்னால் வேகமாகச் சொல்ல முடிவதில்லை.