மேற்குக் கிளேர் நாட்குறிப்பு: கடல் வற்றமும் இசை வாரமும்

2025 ஜூலை 4, வெள்ளி
மில்டவுன் மால்பே

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர் இது. ஐரிஷ் மரபிசை கற்றுத்தரும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி ஆண்டுதோறும் ஜூலை முதல் சனிக்கிழமை இங்கே தொடங்கும். வெள்ளி மாலைக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். சனிக்கிழமை மதியம் தாண்டினால் பிரதான தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழுவது அங்கேதான். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும். பிரிட்டன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சில நிபந்தனைகளோடு சலுகை உண்டு. ஆனால் விசாவில் அதற்குரிய முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது.

ஷானன் விமான நிலையம் பக்கம். டப்ளினிலிருந்து வருபவர்கள் லிமரிக் வழியாக எனிஸ் வரை ரயிலில் வரலாம். அதற்குமேல் தண்டவாளம் இல்லை. 1887-ல் திறந்த மேற்குக் கிளேர் ரயில் பாதையை 1961-லேயே மூடிவிட்டார்கள். பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. நான்கு பேர் சேர்ந்தால் வாடகைக் கார்தான் சரி. நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60-ஆகக் குறைந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் 80 என்றே இருக்கும். நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தால், அகலமான இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் பின்வாங்க வேண்டும். வழி விட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது இங்கத்திய மரியாதை.

செவ்வகக் கால்கள் மூன்று கொண்ட பிளக் வேண்டும். இந்திய உருண்டைக் கால் பிளக் நுழையாது.

ஜூலை 5, சனி

மாலையில் பதிவு. எந்த வாத்தியம், எந்த நிலை என்று கேட்பார்கள். நிலையைக் கூட்டிச் சொன்னால் முதல் நாளே திணறல்தான். ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள், மேலே ஏற்றிவிடுவது எளிது.

வில்லி கிளான்சி இந்த ஊர் இலன் பைப் (துருத்தியால் இயங்கும் ஐரிஷ் குழல் வாத்தியம்) கலைஞர். 1973 ஜனவரியில் காலமானார். அவர் நினைவாக அதே ஆண்டு கோடையில் நண்பர்கள் தொடங்கியது இந்தப் பள்ளி. முதல் சனி இரவில், ஐரிஷ் மெட்டுகளைத் தொகுத்த பிரெண்டன் பிரெநாக் நினைவுச் சொற்பொழிவு நடக்கும். அதைத் தவறவிட வேண்டாம், வாரம் முழுதும் கேட்கப்போகும் இசைக்கு அங்கேதான் அடித்தளம் கிடைக்கும்.

தங்குமிடம் ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்தாக வேண்டும். ஊருக்குள் கிடைக்காவிட்டால் ஸ்பானிஷ் பாயிண்ட், குவில்டி, லஹிஞ்ச். ஆனால் இரவு ஒரு மணிக்குத் திரும்ப டாக்சி அகப்படும் என்று நம்பாதீர்கள். மாலையிலேயே பேசி வைக்க வேண்டும். ஓட்டுநரின் மது வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், புது ஓட்டுநருக்கு 20 மட்டுமே.

ஜூலை 6, ஞாயிறு
ஸ்பானிஷ் பாயிண்ட்

இந்தக் கரையில் நாளைத் திட்டமிடுவது கடிகாரம் அல்ல, கடல். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக அமையும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிதான். கிளேர் கரைக்கு ஒரு கணக்கு உண்டு: பௌர்ணமி, அமாவாசை நாட்களில் வற்றம் நண்பகலை ஒட்டி வரும், அஷ்டமி நாட்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். நம் நாட்காட்டியைப் பார்த்தே வாரத்தை உத்தேசமாக வகுத்துவிடலாம். நிமிடக் கணக்குக்கு மட்டும் அலை அட்டவணை. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும்.

1588-ல் ஸ்பெயினின் ஆர்மடாக் கப்பல்கள் இந்தப் பக்கம் உடைந்ததால் வந்த பெயர் ஸ்பானிஷ் பாயிண்ட். அழகான மணல், ஆனால் முரட்டுக் கடல். சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டுமே குளியல். இரு பக்கமும் பாறையை ஒட்டித் தண்ணீர் நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும் பட்டைதான் ஆபத்து, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் ஓடும். அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தி மல்லுக்கட்ட வேண்டாம்; கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, அலை உடையும் இடத்தில் திரும்புங்கள். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு ஊருக்கு வடக்கே இருக்கும் ஒயிட் ஸ்ட்ராண்ட் சிறு வளைகுடா மேல். அவசரத்துக்கு 112 அல்லது 999. கடலோரக் காவலை இணைக்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

வகுப்புகள் இன்றிலிருந்து சனி வரை, காலை 10 முதல் 1 வரை. பள்ளிக்கூட அறைகளிலும் வீடுகளின் கூடங்களிலும் நடக்கும். தாள் கிடையாது. ஆசிரியர் ஒரு சிறு துண்டை வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்பார்கள், அடுத்த துண்டு சேரும். குருவுக்கு எதிரே உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு இந்த முறை புதிதில்லை. ஒலிப்பதிவு செய்துகொள்ள ஆசிரியர் பெரும்பாலும் ஒப்புவார், ஆனால் முதலில் கேளுங்கள்.

வாத்தியம் இல்லாமல் வருபவருக்கு டின் விசில் போதும். ஆறு துளை, டி சுருதி. வேறு சுருதியில் வாங்கினால் வகுப்போடு ஒட்டாது.

இலன் பைப் வகுப்பை ஒரு முறையாவது எட்டிப் பாருங்கள். வலது முழங்கையின் கீழ் துருத்தி. அது தரும் காற்று இடது கைக்குக் கீழே இருக்கும் பைக்குள் போகிறது. விரல்கள் வாசிக்கும் குழல் ஒன்று, அதற்கு இரண்டு ஸ்தாயி. இடைவிடாமல் சுருதி பிடிக்கும் குழல்கள் மூன்று. மணிக்கட்டால் அழுத்திக் கூட்டொலி எழுப்பும் சாவிக் குழல்கள் மூன்று. வாசிப்பவரின் தொடையில் ஒரு தோல் துண்டு கட்டியிருக்கும். குழலின் அடியை அதன்மேல் அழுத்தி மூடினால்தான் ஸ்வரம் சுத்தமாக வெட்டி நிற்கும். நாணலில் செய்த சீவாளி ஈரத்துக்கும் வறட்சிக்கும் உடனே மாறும். அட்லாண்டிக் ஈரக்காற்றிலிருந்து சூடான மதுக்கூடத்துக்குள் வந்ததும் சுருதி நழுவும், அதனால் முதல் அரை மணி நேரம் சரிபார்ப்பிலேயே போகும். எதிரே இருப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ இந்தக் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஜூலை 8, செவ்வாய்

செஷன் என்பது கச்சேரி அல்ல. மேடை இல்லை, டிக்கெட் இல்லை. மதுக்கூடத்தின் ஒரு மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நாம் பக்கத்தில் இருக்க அனுமதி உண்டு, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் நடந்துகொள்ளும் முறை தானாக வரும்.

வட்டத்தில் காலியாக இருக்கும் நாற்காலி வரப்போகும் கலைஞருக்கு உரியது. அதில் உட்காரக் கூடாது. கை தட்டித் தாளம் போடக் கூடாது. அறையின் மறுகோடியிலிருந்து வரும் தட்டல் எப்போதும் பின்தங்கி, வாசிப்பவரின் நடையைக் குலைக்கும். காலால் மெல்லத் தட்டலாம். மெட்டு இரண்டு பகுதியாக இருக்கும், ஒவ்வொன்றும் எட்டு தாள அளவு (bar), ஒவ்வொன்றும் இரு முறை. இப்படி முழு மெட்டையும் இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் அந்த நொடியில் கூட்டத்தில் ஒரு சிறு உற்சாகக் குரல் எழும், அதில் நீங்களும் சேரலாம். யாராவது தனியாக மெதுவான பாட்டை எடுத்தால் அறை முழுதும் அமைதியாகிவிடும். அப்போது பானம் வாங்கப் போவது பெரிய அவமரியாதை.

வாசிக்க ஆசைப்படுபவர், நடத்துபவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் கேட்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். தெரியாத மெட்டைத் தேடித்தேடிக் கூடவே வாசிப்பது எல்லோர் காதையும் கெடுக்கும், கேட்டுக்கொண்டிருங்கள். போரான் என்ற ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய பறை ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம்.

இரவுச் செஷன்கள் ஒன்பதரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பிள்ளைகளோடு வந்தவர்கள் பிற்பகல் செஷன்களைத் தேடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு 10-க்கு மேல் மதுக்கூடத்தில் இருக்கச் சட்டம் இடம் தராது. சமையலறை பெரும்பாலும் 9 மணிக்கெல்லாம் மூடிவிடும், முதலில் சாப்பிட்டுவிடுங்கள். சைவர்கள் காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் கேட்கலாம்; சூப் எந்தச் சாற்றில் வெந்தது என்று விசாரிப்பது நல்லது.

ஜூலை 9, புதன்

மழை நாள் என்றால் வடக்குக் கிளேரின் பர்ரன் பாறைவெளிக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புப் பாறைத் தளம் நனைந்தால் வழுக்கும், இடையிடையே முழங்கால் ஆழத்துக்குப் பிளவுகள். காய்ந்த நாளில், கணுக்காலைப் பிடிக்கும் காலணியோடு போங்கள். இன்றைக்குப் பிற்பகல் சொற்பொழிவே மேல்.

ஜூலை 10, வியாழன்
லஹிஞ்ச்

பௌர்ணமி. வற்றம் நண்பகலை ஒட்டி, ஏற்றம் மாலை 6-ஐ ஒட்டி. அலைச்சறுக்குப் பழகும் லஹிஞ்சுக்கு இது முக்கியம், ஏனென்றால் முழு ஏற்றத்தில் அங்கே மணலே இருக்காது. அலை நேராகக் கரைச்சுவர்ப் பாறையில் மோதும். வகுப்பு ஒரு மணிக்கு முடிகிறது. 2 மணிக்குள் நீரில் இறங்கி 4-க்குள் ஏறிவிட்டால் சரி.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது புதியவர்கள் செய்யும் பிழை. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட விநாடிகளையும் பாருங்கள். 1 மீட்டர், 8 விநாடி என்றால் கற்றுக்கொள்ள நல்ல கடல். 1.5 மீட்டர், 13 விநாடி என்றால் அது தொலைதூரப் புயல் அனுப்பிய கனத்த அலை, புதியவருக்கு ஆகாது. இந்தக் கரை மேற்கு பார்த்தது. கிழக்குக் காற்று அலையை நேர்த்தியாக்கும், மேற்குக் காற்று கலக்கிவிடும்.

ஜூலையில்கூடத் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். 4/3 மில்லிமீட்டர் வெட்சூட் வேண்டும், ஜிப் முதுகுப் பக்கம். தளர்வாக இருந்தால் உள்ளே புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் தாங்காது. பெரியவர்களுக்கு 8 அல்லது 9 அடி நுரைப் பலகை. இடுப்பளவு நீரிலேயே நின்று பழகுங்கள். பலகையின் மூக்கு நீருக்குள் குத்தினால் நீங்கள் முன்னால் அதிகம் படுத்திருக்கிறீர்கள். ஒரு கை அகலம் பின்னே நகருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே பிடிக்கவே கூடாது. பல் உடைவது அப்படித்தான்.

ஜூலை 11, வெள்ளி
மோஹர் பாறைச்சுவர்

ஓபிரையன் கோபுரம் 1835-ல் கட்டியது. அதற்கு அருகே பாறைச்சுவரின் மிக உயர்ந்த இடம், 214 மீட்டர். டூலினிலிருந்து லிஸ்கானர் வரை நீளும் கரையோர நடைபாதையின் பெரும்பகுதியை 2024-ல் விபத்துகளுக்குப் பிறகு மூடினார்கள். எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் காலையில் பாருங்கள். மூடிய வேலியைத் தாண்டுகிறவர்களைப் பார்த்துப் பின்தொடராதீர்கள். மேலே புல் தரையாகத் தெரியும் விளிம்பின் கீழே மென்மையான களிப்பாறையைக் காற்றும் மழையும் அரித்திருக்கும். நிற்கும் இடத்துக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

நடைபாதையை ஒட்டிச் செங்குத்தாக நட்டிருக்கும் கல் பலகைகளைக் குனிந்து பாருங்கள். விரல் தடிமனில் நெளிநெளியான கோடுகள். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடிச் சேற்றில் ஊர்ந்த உயிரிகளின் தடங்கள் அவை. லிஸ்கானர் கல் என்று பெயர்; ஊர் வீடுகளின் தரையிலும் இதே கல்தான்.

பஃபின் பறவைகளைப் பார்க்க இதுதான் கடைசித் தறுவாய், ஜூலை பிற்பாதியில் கடலுக்குத் திரும்பிவிடும். கோட் ஐலண்டு பக்கம் புல் சரிவில் தேட வேண்டும். வெறுங்கண்ணுக்குப் புள்ளிதான், 8 மடங்கு தொலைநோக்கி கொண்டுபோங்கள்.

டூலினிலிருந்து இனிஷீர் தீவுக்குப் படகு போகிறது. அதை நிறுத்துவது மழை அல்ல, அலை. வெயிலடிக்கும் நாளிலும் ரத்தாகலாம். ஆகவே கடைசி நாளுக்குத் தீவுப் பயணத்தை வைக்காதீர்கள்.

ஜூலை 12, சனி

இரவு கெய்லி, அதாவது எல்லோரும் சேர்ந்து ஆடும் ஐரிஷ் நடன இரவு. செட் நடனத்துக்கு நான்கு ஜோடிகள், சதுரமாக நிற்க வேண்டும். கிளேர்க்காரர்கள் மரத்தரையில் குதிகாலால் தட்டும் நடை இதற்குத் தனிச் சுவை. புதியவர் அதை முயலாமல் நடந்தே ஆடலாம், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். தோல் அடி கொண்ட காலணி அவசியம். ரப்பர் அடி தரையில் பிடிக்கும். ஜோடியாகச் சுழலும்போது உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் பிசகும். முதல் ஜோடி ஆடுவதைப் பார்த்துத் தொடர, பக்க ஜோடியாக நில்லுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு
கில்கீ, லூப் ஹெட்

வற்றம் பிற்பகல் 2-ஐ ஒட்டி. கில்கீயின் பொல்லாக் குளங்களுக்கு இதுவே தோது. பாறைத் திட்டில் இயற்கையாக அமைந்த குளங்கள். ஒவ்வோர் ஏற்றத்திலும் கடல் மூடிப் புதுநீர் நிரப்பிவிட்டுப் போகும். வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்னிருந்து ஒன்றரை மணி பின்வரைதான் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் காலணி போடாமல் போனால் பாறையில் ஒட்டிய சிப்பிகள் பாதத்தைக் கிழிக்கும். பச்சைப் பாசி வழுக்கும், கறுத்துக் காய்ந்த பாறையில் கால் வையுங்கள். திரும்பும் வழியின் தாழ்வான பகுதியில்தான் நீர் முதலில் ஏறும். குளத்தில் இருக்கும்போதே அதன்மேல் ஒரு கண் வேண்டும்.

அங்கிருந்து லூப் ஹெட் கலங்கரை விளக்கம். இப்போதுள்ள கோபுரம் 1854-ஐச் சேர்ந்தது. போகும் வழியில் ராஸ் பாலங்கள்: மூன்று இயற்கை வளைவுகள் இருந்த இடத்தில் மிச்சம் ஒன்றுதான், அதுவும் வண்டி நிறுத்தத்திலிருந்து தெரியாது, கொஞ்சம் நடக்க வேண்டும். புல்வெளியில் நடந்தவர்கள் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி ஓரம், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் சூடு வைப்பதும் கூடாது. அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் கிளேர் போய்வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.