கண்ணாடி விழுங்கிய ஒளி

வெள்ளைத் தாளில் அந்த ஆய்வு மாணவி காட்டிய நீலப் புள்ளியை நான் உடனே நம்பாததில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நம்பாததற்கு நான் சொன்ன காரணம்தான் உறுத்துகிறது.

எங்கள் சோதனைக்காகக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்திருந்த ருபிடியம் என்ற உலோகம் 39.3 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், மதுரையின் மே மாதத்தில் ஹீட்டர் எதற்கு என்று கேலி பேசிக்கொள்வோம். ஆனால் ஆவி போதிய அடர்த்தி பெற 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கியாக வேண்டும். அதனுள் 780, 776 நானோமீட்டர் லேசர்களைச் சேர்த்துச் செலுத்தினால், இரு படிகளில் மேலேறும் அணு, இறங்கும் வழியில் 5.23 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பையும் 420 நானோமீட்டர் நீலத்தையும் தருகிறது. அந்த நீலம் நேர்கோட்டுக் கற்றையாகவும் வரலாம், எத்திசையிலும் பரவும் வெறும் ஒளிர்வாகவும் வரலாம்.

"இது கற்றைதானா?" என்று கேட்டேன்.

"தாளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தும் புள்ளி விரியவில்லை சார். 776-ஐ மறைத்தால் நீலமும் போய்விடுகிறது."

இரண்டாவது எதையும் நிறுவாது, ஒளிர்வும் அப்படித்தான் மறையும். முதலாவதே போதுமானதாக இருந்தது. நானோ, "அப்படியானால் 5.23 எங்கே? அதைக் காட்டும்மா, பிறகு பதிவேட்டில் எழுதலாம்" என்றேன். எங்கள் குப்பியின் போரோசிலிகேட் கண்ணாடி அந்த அலைநீளத்தை வெளியே விடாமல் உறிஞ்சிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் அவர் வாதாடவில்லை. முன்பொரு முறை வெறும் எதிரொளிப்பைச் சமிக்ஞை என்று அறிவித்து நான் தலைகுனிந்ததுண்டு. அந்த அச்சத்தைத்தான் கறார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேனோ என்னவோ.

அன்றிரவு மின்சாரம் போனது. குப்பியின் உடலைவிட, லேசர் நுழைந்து வெளியேறும் அதன் சன்னல்கள் முந்திக் குளிர்ந்ததால் ருபிடியம் அங்கே படலமாகப் படிந்து, காலையில் லேசரே சரியாகக் கடக்கவில்லை. சன்னல்களை மட்டும் கூடுதலாகச் சூடேற்றிப் படலத்தை விரட்டப் பல நாள் பிடித்தது. நீலம் திரும்பியபோது, இரு லேசர்களையும் ஒரே சுழற்சியுள்ள வட்ட முனைவாக்கத்துக்கு, அதாவது ஒளியின் மின்புலம் சுழன்றபடி செல்லும் நிலைக்கு, மாற்றினோம். புள்ளி பளிச்சென்று கூடியது, நான் கையெழுத்திட்டேன்.

"முதலில் பார்த்த தேதியைப் போடலாமா சார்?"

"பதிவில்லாத நாளை எப்படிப் போடுவது?"

விதிப்படி அந்தப் பதில் சரியே. பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் வெப்பநிலை இருக்கிறது, இரு லேசர்களின் மின்னோட்டமும் இருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலால் எழுதி அழித்த 420 என்ற எண்ணை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றும் படிக்கலாம்.